இரு சுரத்தின் வலிமை: கிட்டார் பயிலத் தொடங்குவார்க்கு

கிட்டார் என்னும் நரம்புக் கருவியை ஆவலோடு வாங்கியோர் சில திங்களுள் அதனைச் சுவரில் மாட்டிவிடுதல் நாம் காணும் ஒன்று. விரல் நோவு மட்டும் இதற்குக் காரணமன்று. முழுக் கார்டு எனப்படும் சுரக்கூட்டினை ஒலிக்க மூன்று நான்கு விரல்கள் வெவ்வேறிடங்களில் ஒருங்கே அமர்தல் வேண்டும். அது கைவருமுன் மாணாக்கனது பொறுமை தீர்ந்துவிடுகின்றது. இத்தகையோர்க்கு எளிய வாயில் ஒன்று உண்டு. அதுவே பவர் கார்டு. அதனால் அமைந்து, பாட்டில் மீண்டும் மீண்டும் வரும் சிறு இசைத்தொடரை ரிஃப் என்பர். எளிமைபற்றி இதனை இழித்துரைப்பாரும் உளர். அவர் கூற்றுப் பொருந்துமா என்பதையும், இதனைப் பயிலும் முறையையும் ஈண்டு ஆராய்வாம்.

கார்டு என்பது பொதுவாக மூன்று சுரங்களின் கூட்டம். நம் பண்டை இசைப் பெயர்களாற் கூறுமிடத்து, அவை குரல், கைக்கிளை, இளி என்பன. இவற்றுள் நடுநின்ற கைக்கிளையே கூட்டிற்கு மகிழ்ச்சியின் சாயலையோ துயரின் சாயலையோ தருவது. பவர் கார்டில் அது நீக்கப்படும். குரலும் இளியுமே எஞ்சும். வேண்டுமாயின் மேற்குரலும் சேரும். தம்பூரின் சுருதி கேட்டுப் பழகிய செவிக்கு இவ்விணை புதிதன்று.

நீக்கியதன் பயன் யாது? மின் கிட்டாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரக்கச் செய்வதனை டிஸ்டார்ஷன் என்பர். 1958ஆம் ஆண்டில் வெளிவந்த 'ரம்பிள்' என்னும் இசைத்தட்டிற்காக லிங்க் ரே என்னும் அமெரிக்கர், ஒலிபெருக்கியின் தாட்கூம்பில் துளையிட்டு அவ்வொலியைப் பெற்றார். சொல் ஒன்றேனும் இல்லாத அவ்விசையை அமெரிக்க வானொலி நிலையங்கள் சில ஒலிபரப்ப மறுத்தன என்றால், அதன் ஆற்றலை உய்த்துணரலாம். டிஸ்டார்ஷனில் இரு சுரங்கள் கூடுமிடத்து அவற்றின் அதிர்வெண்களின் வேறுபாடும் ஓர் ஒலியாய்ப் பிறக்கும். ஐந்தாம் தந்தியின் அதிர்வெண் நொடிக்கு 110, அதன் இளி ஏறத்தாழ 165, வேறுபாடு 55. இது 110இற் செம்பாதியாதலின், குரலே ஒரு தாயி தாழ்ந்து உடனொலிப்பதாகும். இரு சுரம் பெருங்கூட்டம்போல் முழங்குவதன் காரணம் இதுவே. இடையே கைக்கிளை புகுந்தால் கிட்டாரின் மெட்டில் அதன் அதிர்வெண் 138.6 ஆகும். அதனாற் பிறக்கும் வேறுபாடுகள் 28.6, 26.2 என ஒன்றோடொன்று இசையாது நின்று ஒலியைக் கலக்குகின்றன.

இனிப் பயிலும் முறை. கிட்டாரின் ஆறு தந்திகளுள் தடித்தது ஆறாவது. அதன் மூன்றாம் மெட்டிற் சுட்டுவிரலை வைக்க. ஐந்தாம் தந்தியின் ஐந்தாம் மெட்டில் மோதிரவிரலை வைக்க. இவ்விரு தந்திகளை மட்டும் பிக் கொண்டு மேலிருந்து கீழாக மீட்டுக. விரலமைதி குலையாமற் கையை நகர்த்தினால், எவ்விடத்து நிறுத்தினும் அவ்விடத்திற்குரிய பவர் கார்டு கிடைக்கும். ஓர் அமைதி கற்றவன் பன்னிரு சுரத்திற்கும் உரியனாகின்றான்.

ஆயினும், இங்கே அரிது ஒலிப்பித்தல் அன்று, அடக்குதலே. ஏனைய நான்கு தந்திகளும் வாய்திறவாதிருத்தல் வேண்டும். சுட்டுவிரலைச் சிறிது சாய்த்து மெல்லிய தந்திகளைத் தொட்டிருக்கச் செய்க, அழுத்தற்க. வலக்கையின் சுண்டுவிரற் பக்கத்து விளிம்பைக் குதிரையை ஒட்டித் தந்திகள்மேல் மெல்ல வைத்து மீட்டினால், 'தும் தும்' என்னும் அடங்கிய ஓசை எழும். அக்கையை எடுத்த அளவிலே முழக்கம் வெடிக்கும். இவ்விரண்டன் மாற்றமே ரிஃபின் உயிர்.

பயிற்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு: நிமிடத்திற்கு 60 தட்டு வீதம் தாளம் இட்டுக்கொண்டு, தட்டொன்றிற்கு இருமுறை மீட்டுக. முதல் இரண்டு தட்டில், ஆறாம் தந்தியைத் திறந்தும் ஐந்தாம் தந்தியை இரண்டாம் மெட்டில் அழுத்தியும் அடக்கி மீட்டுக. மூன்றாம் தட்டில், மேற்கூறிய மூன்றாம் மெட்டின் கார்டை முழங்க விடுக. நான்காம் தட்டில் அவ்வமைதியையே ஐந்தாம் மெட்டிற்கு நகர்த்துக. ஒலி கலங்காது பத்துமுறை வந்தபின்னரே விரைவைக் கூட்டுதல் முறை.

எளிமையை இழித்துரைப்பார்க்கு விடையாக ஒருவர் வரலாறு போதும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த டோனி அயோமி, தம் 17ஆம் வயதில் வலக்கை நடுவிரல், மோதிரவிரல்களின் நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆதலின் தந்தியை அழுத்தவேண்டிய விரல்களே அவை. மனம் சோர்ந்திருந்த அவருக்கு, தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கேட்பித்தார். 1928இல் நேர்ந்த தீவிபத்தில் இரு விரல்கள் செயலிழந்தும் பெரும் புகழெய்திய கிட்டார்க் கலைஞர் ஜாங்கோ. அயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளை மாட்டினார். பின்னர்த் தந்திகளின் சுருதியையும் தாழ்த்திக்கொண்டார். பவர் கார்டு அவர் கைக்கு ஏற்ற கருவியாயிற்று. 1970இல் அவருடைய பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. ஹெவி மெட்டல் என்னும் இசைவகைக்கு அதனையே தோற்றுவாயாகக் கொள்வார் பலர்.

எனினும் பவர் கார்டே முடிந்த முடிபு என்பது நம் கருத்தன்று. மகிழ்ச்சியும் துயரும் பிரித்துணர்த்த வேண்டுமிடத்து, விடுத்த கைக்கிளையைத் தேடிச் செல்லவே வேண்டும். ஆனால் வாயிலிற் புகுந்தவனே உள்ளறைகளைக் காண்பான். இரு விரலால் இன்று ஒரு ரிஃபைத் தாளம் பிழையாது வாசித்தவன், நாளையும் கருவியைக் கையிலெடுப்பான். தொடக்க மாணாக்கனுக்கு வேண்டுவது அந்த நாளையே.