கொடைக்கானல் பிள்ளைக்குத் துப்பாக்கி சுடுதல் கற்க எது வழி?

கொடைக்கானலிலோ பண்ணைக்காட்டிலோ தாண்டிக்குடியிலோ இருக்கும் ஒரு பிள்ளைக்குத் துப்பாக்கி சுடுதலில் ஆசை வந்துவிட்டது என்று வையுங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதைப் பார்த்து வந்த ஆசையாக இருக்கலாம். 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் நம் கடலூரில் பிறந்தவர் என்று கேள்விப்பட்டு வந்ததாகவும் இருக்கலாம். ஆசை நல்லதுதான். எங்கே போய்ச் சுடுவது என்பதில்தான் தீர யோசிக்க வேண்டும்.

முதலில் ஒரு வழியை அடைத்துவிடுகிறேன். மலையில் இத்தனை வெட்டவெளி கிடக்கிறதே, ஆளில்லாத சரிவில் அட்டையை நட்டுச் சுட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. நாம் ஆளில்லாத சரிவு என்று நினைப்பதில் காப்பித் தோட்டத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை இருக்கும். பாறையில் பட்ட குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. .22 தோட்டா ஒன்றரை கிலோமீட்டரையும் தாண்டிப் பாயக்கூடியது. அதற்குமேல் மஞ்சு. ஐந்து நிமிடம் முன்பு தெரிந்த எதிர்ச்சரிவு இப்போது தெரியாது. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விசையைத் தொடக்கூடாது என்பது இந்த விளையாட்டின் முதல் விதி.

சட்டமும் இடம் தராது. 2013-இல் கொடைக்கானல் வனஉயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறக்குறைய 609 சதுர கிலோமீட்டர். தலைமை வனஉயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் எந்த ஆயுதத்தோடும் சரணாலயத்துக்குள் நுழையக்கூடாது என்கிறது 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டக்ளஸ் ஹாமில்டன் போன்ற ராணுவ அதிகாரிகள் இந்த மலையில் வேட்டையாடித் திரிந்தார்கள். பேரிஜம் ஏரிப் பக்கத்தில் ஹாமில்டன் கோட்டை என்று சொல்லப்படும் இடம் அவர் பெயரால்தான் அப்படி அழைக்கப்படுகிறது. அந்தக் காலம் போய்விட்டது, போனது நல்லதும்கூட. இன்று காட்டெருமை ஊருக்குள் நடக்கிறது, வரையாடு மிச்சமிருக்கும் பாறை முகடுகளில் ஒதுங்கி வாழ்கிறது. சோலைப் பறவைகள் மேல் ஏர் கன்னைத் திருப்பும் பழக்கம் எங்கே இருந்தாலும் அதை நிறுத்த வேண்டிய பொறுப்பு, முறையாகச் சுடக் கற்றவர்களுக்கே முதலில் உண்டு.

திருவிழாக்களிலும் சுற்றுலா இடங்களிலும் இருக்கும் பலூன் கடையைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்க முடியாது. பிள்ளைக்கு இதில் உண்மையிலேயே நாட்டமிருக்கிறதா என்று பார்க்க ஒருமுறை போதும்.

மலையிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டுக்குள் 10 மீட்டர் ஏர் ரைபிள் அல்லது ஏர் பிஸ்டல். 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத திறனும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்கின்றன 2016 ஆயுத விதிகள். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். 2008-இல் பெய்ஜிங்கில் இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் ஒலிம்பிக் தங்கம் கொண்டுவந்த அபினவ் பிந்த்ரா சுட்டது இந்தப் பத்து மீட்டர்தான். அவர் வீட்டிலேயே சுடுதளம் (ரேஞ்ச்) வைத்துப் பழகியவர். ரைபிள் குறியட்டையின் வெளிவட்டமே 45.5 மில்லிமீட்டர் அகலம்தான். அதன் நடுவில் இருக்கும் பத்து என்ற புள்ளி அரை மில்லிமீட்டர். அதைத் தொட மூச்சையும் நிலையையும் விரலையும் அடக்கிப் பழக வேண்டும். அதற்கு வெட்டவெளி தேவையே இல்லை.

கட்டடத்துக்குள் பத்து மீட்டர் நீளம் கிடைத்தால் போதும். குறியின் நடுப்பகுதி சுடுபவர் நிற்கும் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். பின்னால் ரவையை வாங்கிக்கொள்ளும் இரும்புப் பெட்டி, அதற்குப் பின்னால் கல்சுவர். சுடுபவருக்கும் குறிக்கும் இடையே கதவோ ஜன்னலோ இருக்கவே கூடாது. இருந்தால் அந்த இடம் வேண்டாம். ரவை ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைக்கக்கூடாது, அறையில் காற்றோட்டமும் வேண்டும். நம் மலையின் ஈரம் இரும்பைத் தின்றுவிடும், ஆகவே ஒவ்வொரு முறையும் துடைத்து உலர்ந்த பெட்டியில் பூட்டி வையுங்கள். 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் பத்து மீட்டரில் அது கணக்கில் வராது. இங்கே பழகியது சமவெளியிலும் அப்படியே செல்லும்.

வீட்டுப் பயிற்சிக்கு ஒரு குறை உண்டு, அது பெரிய குறை. நம் தவறு நமக்குத் தெரியாது. தோள் சாய்வதையும், சுட்ட கணமே தலை தூக்குவதையும் இன்னொரு கண்தான் பார்க்க வேண்டும். அந்தக் கண்ணைத் தேடிக் கீழே இறங்கத்தான் வேண்டும்.

கீழே மதுரை, கோவை, திருச்சி என மூன்று ரைபிள் கிளப்புகள் மலைக்காரர்களுக்குக் கைக்கெட்டும். பெருமாள்மலையில் சாலை பிரியும் இடத்திலேயே பாதித் தேர்வு முடிந்துவிடுகிறது. வத்தலக்குண்டு பக்கம் இறங்கினால் மதுரை, சுமார் 120 கிலோமீட்டர். பழனி பக்கம் இறங்கினால் கோவை, சுமார் 170. திருச்சி ஏறக்குறைய 200. அடிக்கடி போக வேண்டியவருக்கு மதுரையே சரி என்பேன். சொந்தக்காரர் வீடு கோவையில் இருந்தால், அல்லது பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் குடியிருந்தால், கோவை. திருச்சி போட்டிக்கான ஊர். 2022 ஜூலையில் 47-ஆவது மாநிலத் துப்பாக்கி சுடுதல் போட்டி அங்கேதான் நடந்தது. நடிகர் அஜித்குமார் நான்கு தங்கமும் இரண்டு வெண்கலமும் வாங்கியது அதில்தான். தொடக்கத்தில் அங்கே போய்ப் பார்வையாளராக ஒரு போட்டியைப் பார்த்து வருவது நல்லது.

இந்தக் கிளப்புகளைப் பற்றி ஒன்று புரிந்துகொள்ளுங்கள். பல மாவட்டங்களில் காவல்துறை அதிகாரியோ ஆட்சியரோ தலைவராக இருப்பார். அன்றாட வேலையைப் பார்ப்பவர்கள் சம்பளம் வாங்காத கௌரவச் செயலாளர்களும் மூத்த உறுப்பினர்களும். தொழிலும் குடும்பமும் போக மிஞ்சிய நேரத்தில் வந்து பூட்டைத் திறந்து, பதிவேட்டைப் பார்த்து, குறியட்டை மாட்டி, புதியவருக்குக் கற்றும் தருகிறார்கள். இவர்கள் இல்லாவிட்டால் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டே இல்லை. அதனால் கிளப்புக்குப் போகிறவர் காசு கொடுத்த வாடிக்கையாளர் போல நடந்துகொள்ளக்கூடாது. சொன்ன நேரத்துக்கு முன்பே போங்கள். அட்டை மாற்றவும் தரையைக் கூட்டவும் கை கொடுங்கள்.

முதல் நாள் சுட வேண்டாம், உட்கார்ந்து பாருங்கள். சுடுகோட்டில் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஒரே ஒருவருக்கு இருக்கிறதா? அவர் 'ஸ்டாப்' என்றதும் மாநில வீரரும் கீழே வைக்கிறாரா? ஆட்கள் அட்டைப் பக்கம் நடக்கும்போது எல்லாத் துப்பாக்கியிலும் பளிச்சென்ற பாதுகாப்புக் கயிறு குழல் வழியே போட்டிருக்கிறதா? திறந்தவெளி ரேஞ்ச் என்றால் மண்மேடு உயரமாக, கல்லில்லாமல் இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு ஆம் என்று விடை வராத இடத்தில் எத்தனை விலையுயர்ந்த துப்பாக்கி இருந்தாலும் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

எந்தப் பிரிவு என்றால், பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்குப் பிஸ்டலே எளிது. ரைபிள் ஐந்தரை கிலோ வரை இருக்கும், அதற்கென்று தனிக் கோட்டும் வேண்டும், செலவு கூடும். 50 மீட்டர் .22 திறந்தவெளியில் காற்றைக் கணித்துச் சுடுவது, அழகான பிரிவு. ஆனால் சொந்த உரிமத்துக்கு 21 வயது நிரம்ப வேண்டும், காவல்துறைச் சரிபார்ப்பும் உண்டு. அதுவரை கிளப்பின் துப்பாக்கியில் கிளப்பின் மேற்பார்வையில்தான். பறக்கும் களிமண் தட்டைச் சுடும் டிராப்பில் புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் பாரிஸ் வரை போனார். ஆனால் அதற்குப் பெரிய திடலும் தோட்டாவுக்கு ஓயாத செலவும் வேண்டும், மலைக்காரப் பிள்ளைக்கு முதல் படியாக அதை நான் சொல்லமாட்டேன். பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி. இருந்தால் சேர்த்துவிடுங்கள்; .22 ரைபிளில் சில சுற்றாவது முறையாகச் சுட வைப்பார்கள், ஒழுங்கும் படியும்.

ஆக, மாதத்தில் இரண்டு ஞாயிறு மதுரை, மற்ற நாட்களில் வீட்டில் ரவையில்லாமல் நின்று பிடித்து விசை அழுத்தும் பயிற்சி அரைமணி, வாரம் ஓரிரு நாள் ரவையோடு. ஆனால் முதல் ஆறு மாதம் துப்பாக்கி வாங்கவே வேண்டாம், கிளப்புடையதே போதும்; வீட்டுப் பயிற்சி அதற்குப் பிறகு, சொந்தமாக வாங்கியதும்தான். ஆதார் நகல், பிள்ளையின் வயதுச் சான்று, காதடைப்பான், தட்டையான அடியுள்ள காலணி, தண்ணீர் கொண்டுபோங்கள். கிளம்புவதற்கு முன்தினமே செயலாளரிடம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். காவலர் பயிற்சிக்காகவோ போட்டிக்காகவோ ரேஞ்ச் மூடியிருந்தால் மலைக்காரருக்கு ஒரு முழு நாள் வீண்.