பூட்டு எந்தப் பக்கம்?

‘இல்வாய்’ என்று இருக்க வேண்டிய சொல் முன்பின்னாக மாறி ‘வாயில்’ என வழங்குகிறது. இதனை இலக்கணப் போலி என்பர். இல்லத்துக்கு வாயில் இருப்பதுபோல இணைய விளையாட்டுக்கும் ஒரு வாயில் உண்டு. அதற்கு உள்நுழைவு என்று பெயர்.

நால்வர் ஓரணியாகச் சேர்ந்து, ஒருவரை ஒருவர் காத்து நின்று, எதிரணியைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டுகளைச் சிறுவர் பெரிதும் விரும்புகின்றனர். பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இவற்றுக்கு மற்றொரு பயனும் உண்டு. கிருஷ்ணராஜபுரத்தில் வாழும் ஒரு சிறுவன் சேலத்திலுள்ள தன் மாமன் மகனைப் பொங்கலிலும் கோடை விடுமுறையிலும் மட்டுமே நேரில் காண்கிறான் என்று கொள்வோம். மற்ற நாள்களில் இருவரும் தமிழில் உரையாடும் இடம் அந்த விளையாட்டுக் களமே. வாயில் திறவாத மாலை அவர்களுக்குச் சிறிய இழப்பன்று.

வாயில் எவ்வாறு காக்கப்படுகிறது? சிலப்பதிகாரத்தில், பாண்டியன் அரண்மனைக்கு வந்த கண்ணகியைக் காவலன் உடனே உள்ளே விடவில்லை. அரசனுக்கு அறிவித்து, அவன் இசைந்த பின்னரே விட்டான். விளையாட்டு நிறுவனத்தின் வழங்கிக் கணினியும் அவ்வாறே செய்கிறது. கணக்குப் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒப்பிட்டு, பொருந்தினால் குறிப்பிட்ட காலம்வரை செல்லத்தக்க மின்னணு அனுமதிச் சீட்டு ஒன்றைத் தருகிறது. நாள்தோறும் கடவுச்சொல் கேட்கப்படாததற்கு இச்சீட்டே காரணம். சீட்டின் காலம் முடிந்தால், நேற்றுத் திறந்த கதவு இன்று திறவாது. மீண்டும் கடவுச்சொல் தர வேண்டும்.

சில தடைகள் நம் கைப்பேசியிலேயே உள்ளன. அன்றாடப் பரிசை முன்னதாகப் பெற எண்ணிச் சிலர் கைப்பேசியின் தேதியை மாற்றி வைப்பர். அப்போது வழங்கியின் பாதுகாப்புச் சான்றிதழ் காலம் கடந்ததுபோலத் தோன்றுவதால் இணைப்பு மறுக்கப்படும். தானியங்கு நேரத்தை இயக்கினால் குறை தீரும். அணியில் ஒருவர் மட்டும் செயலியைப் புதுப்பிக்காமல் இருந்தாலும் அவர் மற்றவரோடு சேர இயலாது. வீட்டு வைஃபையில் திறவாத வாயில் கைப்பேசித் தரவில் திறந்தால், குறை வைஃபையில் உள்ளது என்று அறியலாம்.

கூகுள் கணக்கின் வழியே முன்பு நுழைந்தவர் மறதியால் ஃபேஸ்புக் வழியே நுழைந்தால், முதல் நிலையில் நிற்கும் புதிய வீரனைக் காண்பார். பழைய கணக்கு அழிந்ததென்று அழ வேண்டியதில்லை. அது வேறு வாயில், அவ்வளவே.

இடம்பெயர்ந்த குடும்பங்களை மிகுதியாக வருத்துவது கைப்பேசி எண்தான். தமிழ்நாட்டில் வாங்கிய சிம் அட்டையைக் கைவிட்டு, பெங்களூருக்கு வந்ததும் தந்தை புதியது வாங்குகிறார். பிள்ளையின் விளையாட்டுக் கணக்கோ பழைய எண்ணோடு கட்டுண்டு கிடக்கிறது. ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்கே செல்லும். முடக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்கு வழங்க விதி இடமளிக்கிறது. அதன்பின் சாவி அறியாதவர் கையில் விழும். விளையாட்டுக் கணக்கு போனால் போகட்டும்; வங்கிக் கணக்கும் அதே எண்ணில் இருந்தால் என்னாவது? உண்மையில் எண்ணை மாற்றவே தேவையில்லை. 2015 ஜூலை 3 முதல், மாநிலம் மாறினாலும் அதே எண்ணை வைத்துக்கொள்ளும் வசதி இந்தியா முழுவதும் உள்ளது. மாற்றியே ஆகவேண்டுமெனில், பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே எல்லாக் கணக்குகளிலும் புதிய எண்ணைப் பதிய வேண்டும்.

நம் பக்கத்தில் எல்லாம் சரியாக இருந்தும் வாயில் திறவாத நாள்களும் உண்டு. ஹெல்டைவர்ஸ் 2 என்பது நால்வர் கூடி ஆடும் விளையாட்டு, பெரியவர்களுக்கானது. அது 2024 பிப்ரவரி 8 அன்று வெளியானபோது, எதிர்பாராத கூட்டத்தை அதன் வழங்கிகள் தாங்கவில்லை. ஒரே நேரத்தில் 4,50,000 பேர் என வரம்பிட்டும் போதவில்லை. பின்னர் அது 7,00,000 ஆக உயர்த்தப்பட்டது. கிடைத்த இடத்தை இழக்க மனமின்றி, ஆடாமலே உள்ளே தங்கியவர்களும் இருந்தனர். பேருந்து இருக்கையில் துண்டு போட்டு இடம்பிடிக்கும் பழக்கம் உலகெங்கும் உண்டு போலும்! அசையாதிருப்போரை வெளியேற்றும் ஏற்பாட்டையும் நிறுவனம் செய்தது. அந்நாள்களில் கடவுச்சொல்லை மாற்றியவர்களுக்கும் செயலியை நீக்கி மீண்டும் நிறுவியவர்களுக்கும் வீண் உழைப்பே மிஞ்சியது.

அரசே பூட்டிய வாயிலும் உண்டு. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர் 2 அன்று இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 2021 ஜூலை 2 அன்று பி.ஜி.எம்.ஐ. என்னும் பெயரில் இந்தியாவுக்கான வடிவம் வந்தது. 18 வயது நிரம்பாதோர் பெற்றோரின் எண்ணைத் தந்து இசைவு பெற வேண்டும் என்றும் அறிவிக்கப்பட்டது. 2022 ஜூலை 28 அன்று அதுவும் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம் மீண்டது.

இத்தகைய வேளைகளைத்தான் ஏமாற்றுவோர் எதிர்பார்த்திருப்பர். ‘இங்கே நுழைந்தால் உடனே திறக்கும்’, ‘யூசி இலவசம்’ என்று இணைப்பு அனுப்புவர். அந்தப் பக்கம் உண்மை வாயிலைப் போலவே தோன்றும். ஆனால் அங்கே தட்டச்சிடும் கடவுச்சொல் திருடனிடம் சேரும். உதவுவதாகச் சொல்லி ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்பவர் எவராயினும் தரலாகாது. பணம் பறிபோய்விட்டால், பெற்றோரிடம் மறைக்காமல் கூறி, உடனே 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்குந்தோறும் பணத்தைத் தடுத்து நிறுத்துவது அரிதாகும்.

சொற்பொருள்
இசைவு – சம்மதம். வழங்கி – பலருடைய கணினிகளுக்குத் தகவல் தரும் பொதுக் கணினி. தரலாகாது – தரக்கூடாது.

பயிற்சி
1. ‘வாயில்’ போன்று முன்பின்னாக மாறி வழங்கும் வேறொரு சொல்லை எழுதுக.
2. வைஃபையிலும் கைப்பேசித் தரவிலும் வாயில் திறவாதபோது, சேலத்திலுள்ள மாமன் மகனிடம் நீ முதலில் கேட்கும் வினா யாது? ஏன்?
3. உன் வீட்டில் பழைய எண்ணோடு இணைந்துள்ள கணக்குகள் எவை எனப் பெற்றோரிடம் கேட்டறிந்து ஐந்து வரிகள் எழுதுக. எண்களையும் கடவுச்சொற்களையும் எழுதாதே.