தண்ணீர் வடிந்தால் மட்டும் காணியாகிவிடுமா?

வயலை நிரப்பிய காணி மலிவாக வருகிறது என்று கேள்விப்பட்டால் நமது வியாபாரிகள் பலருக்கு இருப்புக் கொள்ளாது. ஸ்டோர் போடலாம், கடை கட்டலாம், சில வருடங்களில் நல்ல விலைக்கு விற்கலாம் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவோம். அப்படிக் கணக்குப் போட்டவர்களில் நானும் ஒருவன். என் கதைக்கு முன்னர், உதவாத நிலத்தை உதவும் நிலமாக்குவதில் பெயர் பெற்ற ஒல்லாந்தரின் அனுபவத்தைப் பார்ப்போம்.

நெதர்லாந்தின் நடுவே ஸைடர்ஸே என்றொரு கடல் ஊடுருவிக் கிடந்தது. 1916ஆம் ஆண்டு ஜனவரியில் அது பொங்கி ஊர்களை அழித்தது. கொர்னேலிஸ் லெலி என்ற பொறியியலாளர் 1891இலேயே வரைந்திருந்த திட்டத்துக்கு அதன் பின்னர்தான், 1918இல், சட்டம் வந்தது. 1932இல் 32 கிலோமீற்றர் நீளமான அணையால் கடலை மறித்தார்கள். 1930 முதல் 1968 வரை நான்கு பெரும் பகுதிகளாக நீரை இறைத்து 4 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை எடுத்தார்கள். அதில் ஒரு பகுதி 1986இல் பிளேவோலாந்து என்ற தனி மாகாணமாகியது.

இதிலே வியாபாரிக்கு நான்கு பாடங்கள் உண்டு.

முதலாவது, சிறிதாகச் சோதித்துப் பார்த்தல். பெரிய நிலத்தில் கைவைக்கும் முன்னர் 1927இல் அண்டைக் என்ற இடத்தில் வெறும் 40 ஹெக்டேயரை வற்றவைத்து, அந்த உப்பு மண்ணில் எது விளையும் என்று பரீட்சித்தார்கள்.

இரண்டாவது, பொறுமை. நீர் வடிந்த அன்று கிடைத்தது காணியல்ல, சேறு. பிளேவோலாந்தில் விமானத்திலிருந்து நாணல் விதைகளைத் தூவினார்கள். நாணல் ஈரத்தை உறிஞ்சி மண்ணை இறுகச் செய்தது, களையையும் அடக்கியது. பிறகு வடிகான் வெட்டி, எண்ணெய் விதைப் பயிரும் தானியமும் போட்டார்கள். சுமார் ஐந்து வருடங்கள் அரசாங்கமே பயிரிட்டு மண்ணைப் பக்குவப்படுத்திய பின்னர்தான் விவசாயிகளுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. அந்த ஐந்து வருடத்துக்கும் முதல் முடங்கிக் கிடக்கும் என்பதை ஆரம்பத்திலேயே கணக்கில் எடுத்திருந்தார்கள்.

மூன்றாவது, அயல் நிலம். 1942இல் எடுத்த பகுதியைப் பழைய கரையோடு ஒட்டியே அமைத்தார்கள். புதிய நிலம் தாழ்வாக இருந்ததால் பழைய நிலத்தின் நிலத்தடி நீர் அதை நோக்கிக் கசிந்தது. பக்கத்துக் காணிகள் வரண்டன. அந்தத் தவறிலிருந்து படித்துக்கொண்டு, அடுத்த பகுதிகளுக்கும் பழைய கரைக்கும் நடுவில் ஏரிகளை விட்டுவைத்தார்கள். கடல் மூடியதால் தொழில் இழந்த மீனவர்களுக்கு உதவ 1925இல் தனிச் சட்டமும் செய்தார்கள்.

நான்காவது, முடியாத செலவு. அந்த நிலம் கடல் மட்டத்துக்குப் பல மீற்றர் கீழே இருக்கிறது. இன்றும் பம்பிகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மண் காயக் காயச் சுருங்கி, ஒரு மீற்றரளவு தாழ்ந்துபோன இடங்களும் உண்டு.

இப்போது என் கதை. பல வருடங்களுக்கு முன்னர், நிரப்பிய வயலில் 20 பேர்ச் வாங்கினேன். உறுதி சரியாக இருந்தது; கிறவலும் நன்றாகவே போட்டிருந்தார்கள். கிறவலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஆறே மாதத்தில் ஸ்டோர் எழும்பியது. இரண்டாவது மழைக்காலத்தில் தரை வெடித்து ஒரு பக்கம் இறங்கியது. நட்டம் எனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. முன்பு வயலில் தேங்கிய மழைநீர் இப்போது பின்வீட்டுக் குசினிக்குள் போயிற்று. அந்த வீட்டுக்காரர் பள்ளியில் என்னோடு ஒரே ஸஃப்பில் நிற்பவர். அவர் சண்டைக்கு வரவில்லை. ஆனால் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பின்னர் என் காணிக்குள்ளேயே வடிகான் வெட்டிக் கொடுத்தேன். காணி வாங்கும்போது மிச்சம் பிடித்ததாக நினைத்த காசு அதிலேயே போய்விட்டது.

ஒல்லாந்தர் தாழ்ந்த நிலத்தால் அயலானின் நீரை இழுத்தார்கள். நான் நிலத்தை உயர்த்தி அயலானிடம் நீரைத் தள்ளினேன். இரண்டிலும் தவறு ஒன்றுதான். வேலிக்கு அப்பால் பார்க்கவில்லை. 2010 நவம்பரிலும் 2016 மே மாதத்திலும் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வெள்ளம் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு, பள்ளக்காணிகள் நீரைத் தாங்கும் இடங்கள் என்பதை விளக்கத் தேவையில்லை.

பயன்படாத நிலத்தை நமது பிக்ஹு நூல்கள் 'மவாத்', அதாவது உயிரற்ற நிலம் என்கின்றன. அதை உயிர்ப்பித்தவருக்கு அதில் உரிமை உண்டு. ஆனால் எல்லைக்கல் நட்டு வைப்பது மட்டும் உயிர்ப்பித்தலாகாது. பிறருடைய உரிமையும் அதனால் பாதிக்கப்படக் கூடாது. நாலு டிப்பர் மண் கொட்டினால் காணி உயிர் பெற்றுவிட்டது என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆகவே சகோதரர்களே, அட்வான்ஸ் கொடுக்கும் முன்னர் சிலவற்றைச் செய்யுங்கள். அது வயற்காணியா என்று கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, எழுத்துமூல அனுமதியின்றி வயலை நிரப்புவது குற்றம். அனுமதிக் கடிதத்தை வாயால் கேட்டு நம்பாமல் கண்ணால் பாருங்கள். எப்போது நிரப்பினார்கள், கீழே இருப்பது களியா சதுப்பா என்று அறிய மண் பரிசோதனை செய்யுங்கள். அத்திவாரத்துக்கு மேலதிகமாகச் செலவாகும் தொகையைக் காணி விலையோடு கூட்டிப் பாருங்கள். மலிவு உண்மையிலேயே மலிவா என்பது அப்போது தெரியும். கடன் எடுத்து வாங்குபவர் அந்த நிலம் இறுகும் வரை தவணையைக் கட்ட முடியுமா என்றும் பார்க்க வேண்டும்.

கடைசியாக, ஒரு கடும் மழை நாளில் குடையோடு போய் அந்தக் காணியில் அரை மணி நேரம் நில்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யாருடைய வீட்டுக்குப் போகிறது என்று பாருங்கள். அதைப் பார்க்க ஒரு சதமும் செலவில்லை. நான் அதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டி வந்திருக்காது.