மருந்தின் அளவும் பதிவேடும்: புற்றுநோய்ச் சோதனைகளில் ஒரு பாடம்

புதிய மருந்தொன்று புற்றுநோயைத் தணிக்குமா என்பதை ஆய்வுக்கூடத்து எலிகளைக் கொண்டு மட்டும் முடிவு செய்தல் இயலாது. இறுதியில் மனிதருக்குக் கொடுத்தே அறிய வேண்டியிருக்கிறது. ஆனால் புற்றணுக்களைக் கொல்லும் மருந்துகளிற் பல, நல்ல உயிரணுக்களையும் தாக்குவன. பயன் தரும் அளவுக்கும் கேடு தரும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. ஆகவே முதற்கட்டச் சோதனையில் பெரும்பாலும் மூன்று நோயாளிகளுக்கு மட்டும் சிற்றளவில் மருந்து தந்து கவனிப்பர். மூவருக்கும் கடுந்தீங்கு இல்லையெனில் அடுத்த அளவுக்கு உயர்வர். ஒருவருக்கு நேர்ந்தால் அதே அளவில் மேலும் மூவரைச் சேர்ப்பர். இருவருக்கு நேர்ந்தால் அளவை உயர்த்துவதில்லை.

இத்துணைக் கவனமும் ஒரு வரி எழுத்தில் வீணாகிவிடக் கூடும். 1994 நவம்பரில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெயர்பெற்ற மருத்துவமனையொன்றில் மார்பகப் புற்றுநோய்ச் சோதனை நடைபெற்றுவந்தது. சைக்ளோபாஸ்பமைடு என்னும் மருந்தை, உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 4 கிராம் வீதம், நான்கு நாட்களுக்குப் பகிர்ந்து தரவேண்டுமென்பது திட்டம். நான்கு நாட்களுக்கு உரிய அந்த மொத்த அளவு, ஒரு நாளின் அளவாகக் கொள்ளப்பட்டது. மருத்துவர், மருந்தாளர், செவிலியர் ஆகிய மூவகையினர் கையையும் கடந்தே அது நோயாளியை அடைந்தது. இரண்டு பெண்மணிகள் நான்கு மடங்கு மருந்து பெற்றனர். ஒருவர் டிசம்பர் 3ஆம் நாள் இறந்தார். மற்றவரின் இதயம் பழுதுற்றது. பிழை வெளிப்பட்டதோ 1995 பிப்ரவரியில்தான். அதுவும் சோதனைப் பதிவுகளை வழக்கம்போல் சரிபார்த்த பதிவேட்டுப் பணியாளரால்.

இப்பிழையின் பருமனை வகுப்பிலேயே கணக்கிட்டுக் காட்டலாம். உயரத்தைச் சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோகிராமிலும் கொண்டு, இரண்டையும் பெருக்கி, 3600ஆல் வகுத்து, வர்க்கமூலம் காண உடற்பரப்பு கிடைக்கும். 150 செ.மீ. உயரமும் 54 கி.கி. எடையும் உடையவர்க்கு அது 1.5 சதுர மீட்டர். திட்டப்படி அவருக்கு நாளொன்றுக்கு 1.5 கிராம், நான்கு நாட்களில் 6 கிராம். பிழைப்படி நாளொன்றுக்கே 6 கிராம். மொத்தம் 24 கிராம்!

எனவே, ஒரு நாளின் அளவு, நாட்களின் எண்ணிக்கை, மொத்த அளவு ஆகிய மூன்றையும் சீட்டில் தனித்தனியே எழுதுதல் வேண்டும். அரை கிராமை 0.5 என்றே எழுதுக. முன்னுள்ள சுழியம் விடுபட்டால் புள்ளி கண்ணுக்குத் தப்பி 5 ஆகிவிடும். இரண்டாமவர் சரிபார்க்கும்போது முதல்வரின் விடையைப் பாராமல் தாமே புதிதாகக் கணக்கிட வேண்டும். விடையைப் பார்த்துத் தலையசைப்பது சரிபார்ப்பு ஆகாது.

ஊரிலுள்ள களப்பணியாளர்க்கும் இதில் பங்குண்டு. மருந்து பெற்று வீடு திரும்பியவர்க்குச் சில நாட்களில் வெள்ளணுக்கள் குறையும். அப்பொழுது வரும் காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சலாகக் கருதலாகாது. அன்றே அவரை மருத்துவமனைக்கு அனுப்பி, சோதனை நடத்தும் மையத்துக்கும் தொலைபேசியில் அறிவிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் இந்திய விதிகளின்படி, கடுந்தீங்கு எதனையும் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மத்திய உரிம அதிகாரிக்கும், சோதனையை நடத்துவிப்போருக்கும், அறநெறிக் குழுவுக்கும் தெரிவித்தாக வேண்டும். நோயாளி வேறோர் ஊர் மருத்துவமனையிற் படுத்திருப்பதை எவரும் சொல்லாவிடில், அவ்விதி என்ன செய்யும்? மையத்தின் தொலைபேசி எண் குறித்த அட்டையை நோயாளி எப்பொழுதும் உடன் வைத்திருத்தல் நன்று. விரும்பும்போது சோதனையினின்று விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை மறுக்கப்படாது என்பதையும் அவருக்கு விளங்கச் சொல்ல வேண்டும்.

பதிவேட்டை அன்றன்றே எழுதுவது வேலையைக் கூட்டுவதாகத் தோன்றும். ஆனால் வாரக் கடைசியில் நினைவைக் கொண்டு நிரப்பிய பக்கங்களைப் பின்னர் ஒவ்வொன்றாகத் திருத்துவதற்கே அதிக நாட்கள் செலவாகின்றன. பிழையாக எழுதியதை அழிக்கவோ வெள்ளை மையால் மறைக்கவோ கூடாது. பழைய எழுத்துப் படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடிட்டு, சரியானதை அருகில் எழுதி, தேதியும் கையொப்பமும் இட வேண்டும்.