கமிட்டியில் போட்டுவிட்டார்களா? கியூவைக் கையில் எடுங்கள்

‘ரிசர்ச் கம்ப்யூட்டிங் அட்வைசரி கமிட்டி, மெம்பர்’ என்று ஆர்டர் வந்தாலே இளம் அசிஸ்டன்ட் புரொஃபசர்கள் முகம் சுளிக்கிறார்கள். டீ, பிஸ்கட், மினிட்ஸ், வேறென்ன என்று. புரோமோஷன் ஃபைலில் அந்த வரிக்குப் பெரிய மதிப்பில்லைதான். ஆனால் யாருடைய ஜாப் முதலில் ஓடும், யாருடைய பேப்பர் முதலில் வெளிவரும் என்பது அந்த மேஜையில்தான் முடிவாகிறது.

நேஷனல் சூப்பர்கம்ப்யூட்டிங் மிஷன் 2015-இல் 4,500 கோடி ரூபாய் திட்டமாகத் தொடங்கியது. 2022-இல் திருச்சி என்ஐடிக்கு 838 டெராஃப்ளாப்ஸ் ‘பரம் பொருள்’ வந்தது. பெங்களூரு ஐஐஎஸ்ஸிக்கு 3.3 பெட்டாஃப்ளாப்ஸ் ‘பரம் பிரவேகா’. மெஷின் வந்தால் பங்கு பிரிப்பதும் கூடவே வரும்.

1. முதல் மீட்டிங்குக்கு முன்பே சிஸ்டம் அட்மினோடு ஒரு காபி சாப்பிடுங்கள். கிளஸ்டரில் ஸ்லர்ம் என்ற ஜாப் ஷெட்யூலர் ஓடுகிறதென்றால், எந்த லேப் எத்தனை சிபியு மணி நேரம் எடுத்தது என்ற மூன்று மாதக் கணக்கை அதிலேயே எடுக்கலாம். ஒரே பக்கத்தில் பிரிண்ட் போடுங்கள். சேர்மனிடம் முந்தின நாளே காட்டிவிடுங்கள். சபையில் திடீரென நீட்டினால் ஏதாவது ஒரு சீனியர் அதை ஆயுசுக்கும் மறக்கமாட்டார்.

2. சண்டை வெடிப்பது ஃபேர்ஷேர் என்ற பங்கீட்டு விதியில். அதிகம் ஓட்டியவருக்கு முன்னுரிமை குறையும். பழைய கணக்கு நாளாக நாளாகக் கரையும். எவ்வளவு வேகமாகக் கரைய வேண்டும்? அரசியலே அங்கேதான். ஸ்லர்மின் டீஃபால்ட் ஹாஃப்-லைஃப் 7 நாள். நான்கு வாரம் முன்னால் கிளஸ்டரையே விழுங்கியவர் கணக்கில் இன்று 16-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். சாது முகத்தோடு மறுபடி வரிசைக்கு வருவார். உங்களுடையது எப்போதாவது மட்டும் ஓட்டுகிற சின்ன லேப் என்றால் ஹாஃப்-லைஃபை நீட்டச் சொல்லுங்கள். சுயநலம்தான். எதிரே இருப்பவரும் அதைத்தான் செய்கிறார்.

3. எல்லோரும் ஜிபியு மாடலுக்கு அடித்துக்கொள்ளும்போது நீங்கள் ஸ்டோரேஜ், ஏஎம்சி, ஏசி பற்றிக் கேளுங்கள். நான் இருந்த ஒரு கமிட்டியில் ஜிபியுவுக்கு இரண்டு மணி நேரம் பேசினோம், பேக்கப்புக்கு இரண்டு நிமிடம். மே மாத ஞாயிற்றுக்கிழமை ஏசி நின்றது, டிஸ்க்குகள் போயின. திங்கட்கிழமை ஒரு பிஎச்டி மாணவி என் அறை வாசலில் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பதினான்கு மாத சிமுலேஷன் அவுட்புட் ஸ்க்ராட்ச் என்ற தற்காலிக ஸ்டோரேஜில் மட்டும்தான் இருந்திருக்கிறது. அதன் பிறகு பேக்கப் பற்றி நான் எழுதிய இரண்டு பக்க நோட்டை ஒருவரும் எதிர்க்கவில்லை.

4. மருத்துவ டேட்டா, சர்வே டேட்டா வந்தால் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துவிட்டுப் போங்கள். ஆராய்ச்சிக்கு விலக்கு உண்டு, நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைகளைச் சொல்லத் தெரிந்தவர் அறையில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

5. மினிட்ஸ் எழுத ஆள் தேடும்போது எல்லோரும் போனைப் பார்ப்பார்கள். கையைத் தூக்குங்கள். அன்றிரவே அனுப்பி, மறுநாள் மாலைக்குள் திருத்தம் கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றும் வராது.