ஒரு செய்தி, பல செவி: மல்டிகாஸ்ட் பழுது காணும் முறை

கணினி வலையில் செய்தி செல்லும் முறைகளுள் மூன்று முதன்மையானவை. ஒருவர்க்கு மட்டும் அனுப்புவது ஒன்று. எல்லார்க்கும் கூவி அறிவிப்பது மற்றொன்று. வேண்டும் என்று கேட்டவர்க்கு மட்டும் வழங்குவது மூன்றாவது. இம் மூன்றாவதே மல்டிகாஸ்ட். ஸ்டீவ் டீரிங் என்னும் அறிஞர் வகுத்த இதன் விதிகள் 1989 ஆகஸ்டில் இணையத் தர ஆவணமாக வெளிவந்தன.

இதனால் ஆகும் பயன் என்ன? மும்பையின் தேசியப் பங்குச் சந்தையையே சான்றாகக் கொள்ளலாம். அங்கு முன்பு விலைச் செய்தி ஒவ்வொரு தரகர்க்கும் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றது. முதலில் இணைந்தவரே முதலில் பெற்றார் என்ற பூசல் எழுந்தது. செபி 2019 ஏப்ரல் 30-இல் ஆணை பிறப்பித்தது. அதில் பெருந்தொகையைத் திரும்பச் செலுத்தச் சொன்ன பகுதியை 2023-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நீக்கிற்று. ஆணைக்கு முன்பே சந்தை மல்டிகாஸ்ட் முறைக்கு மாறிவிட்டது. ஆகவே இது நேர்மையைப் பற்றிய செய்தியும் ஆகும்.

இதன் இயல்பை நம் போலாரத்து இருப்புப்பாதையைக் கொண்டே விளக்கலாம். செகந்திராபாத்தில் ஒரு நாளிதழ் அச்சாகிறது என்று வைத்துக்கொள்வோம். போலாரத்து வாசகர் நிலையத்தில் பெயர் பதிகிறார். அந்நிலையம் அடுத்த நிலையத்திடம் கேட்கிறது. கேள்வி இவ்வாறே நிலையம் நிலையமாகச் செகந்திராபாத்தை அடைகிறது. கேள்வி போன வழியே கட்டு திரும்பி வருகிறது. மல்டிகாஸ்டில் வழி பெறுபவரிடமிருந்தே பிறக்கிறது. ஆதலின் பழுதையும் அவரிடமிருந்தே தேடத் தொடங்க வேண்டும். மேலும், அனுப்புபவர்க்குப் பொதுவாக ஒப்புகை வருவதில்லை. ஒருவர்க்குச் செய்தி சேராமற் போனாலும் அவர் அறியார். சாதாரண ‘பிங்’ வெற்றி பெறுவதும் இங்குச் சான்றாகாது.

முதற்படி: பெறும் கணினி குழுவில் சேர்ந்ததா? ஐ.ஜி.எம்.பி. என்னும் விதிப்படி அது விண்ணப்பம் அனுப்ப வேண்டும். ஸ்விட்ச் அதனை ஒட்டுக்கேட்டு, எந்த வாயிலில் வேண்டுவோர் உளர் என்று குறித்துக்கொள்ளும்.

இரண்டாம் படி: செய்தி நன்றாக வந்து, நான்கைந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறதா? “இன்னும் வேண்டுமா?” என்று வினவுவார் இல்லை என்று ஐயுறுக. வினவும் இடைவெளி வழக்கமாக 125 விநாடி. 260 விநாடிவரை மறுவிண்ணப்பம் இல்லையேல் குறிப்பு அழிந்துவிடும். வலையில் ஒரு ரௌட்டரையோ ஸ்விட்சையோ வினவுவோனாக அமைத்தல் வேண்டும்.

மூன்றாம் படி: ரௌட்டர்கள் பி.ஐ.எம். விதியால் ஒன்றையொன்று அறிந்துள்ளனவா? வழியிலுள்ள ஒவ்வோர் இணைப்பிலும் அவ்விதி இயங்குதல் வேண்டும். பொதுச் சந்திப்பு ரௌட்டர் ஒன்றைக் கொண்டு இயங்கும் வலையாயின், அதன் முகவரி எல்லா ரௌட்டர்களிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

நான்காம் படி: செய்தி சரியான திசையிலிருந்து வருகிறதா? செகந்திராபாத் நாளிதழ் போலாரத்திற்கு மேட்சல் பக்கத்திலிருந்து வந்தால் நிலைய அதிகாரி ஏற்கமாட்டார். ரௌட்டரும் அவ்வாறே. மூலத்திற்குத் தான் செல்லும் வழி எதுவோ, அவ்வழியாக வராத செய்தியைத் தள்ளிவிடும். இதுவே ஆர்.பி.எஃப். சோதனை. இஃது இல்லையேல் செய்தி சுற்றிச் சுற்றிப் பெருகி வலையையே முடக்கும். போக ஒரு பாதையும் வர ஒரு பாதையும் உள்ள வலைகளில் இப் பழுது மிகுதி.

ஐந்தாம் படி: இறுதியாக மூலத்தைக் காண்க. செய்தியின் ஆயுள் எண்ணாகிய டி.டி.எல். பல மென்பொருள்களில் 1 என்றே இருக்கும். அது முதல் ரௌட்டரைக் கடவாது. 224.0.0 என்று தொடங்கும் முகவரிகளும் தம் வலையை விட்டு வெளியேறா. நிறுவனத்துக்குள் வழங்க 239 என்று தொடங்குவனவே ஏற்றவை.

நண்பர்களே, ஆய்வகத்தில் இவ் வரிசையை ஒருமுறை செய்து பாருங்கள். ஒவ்வொரு படியிலும் “செய்தி இதுவரை வந்ததா?” என்று கேளுங்கள். வந்த கடைசி இடத்திற்கும் வாராத முதல் இடத்திற்கும் இடையேதான் பழுது இருக்கும்.