செயின் சாவை எடுக்கும் முன்

புயலில் சாய்ந்த மரத்தை அறுக்க செயின் சாவை வாடகைக்கு எடுக்கிறீர்களா? பழகியவர் பக்கத்தில் நின்று ஒரு நாளாவது கற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் பிடி. இடது கைப் பெருவிரல் முன்பிடியைச் சுற்றி அடியில் வர வேண்டும். மேலே வைத்தால் மெஷின் எகிறும்போது கை நழுவும். சங்கிலி ஓடும் தகட்டின் நுனியில், மேல்பாதி எதிலாவது இடித்தால் எகிறும்; கண் இமைக்குமுன் முகத்துக்கு வந்துவிடும். நுனியால் அறுக்காதீர்கள், தோளுக்கு மேல் தூக்காதீர்கள். ஏணியில் ஏறி அறுப்பது வேண்டவே வேண்டாம்.

நிற்கும் மரமென்றால், விழ வேண்டிய பக்கத்தில் விட்டத்தில் கால் பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டி எடுங்கள். பிறகு எதிர்ப்பக்கம் அறுங்கள். முழுக்க அறுத்துவிடக் கூடாது. 40 செ.மீ. மரத்தில் 4 செ.மீ. விடுங்கள், அதுதான் கதவுக் கீல்போல மரத்தை மெல்லச் சாய்க்கும். மரம் அசைந்ததும், முன்பே சுத்தம் செய்துவைத்த வழியில் பின்பக்கம் சாய்வாக விலகுங்கள். மர உயரத்தைப் போல இரு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது, குழந்தைகள் முக்கியமாக.

ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பு, பூட்ஸ் அவசியம். லுங்கி, செருப்பு கூடாது.

கிளை மின்கம்பியில் சாய்ந்திருந்தால் தொடாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.